வன்தட்டு இல்லாத கணினிகளில் சேவைகளைக் கட்டளை வரியிலிருந்து நிர்வகிப்பது எப்படி?

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். அங்கே உள்ள 24 பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டே வந்ததால், சென்ற பருவத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கணினிகள் நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும்படி மாற்றினேன். சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் நெட்வொர்க் முகவரியையும் பூட் கோப்புகளையும் தருகிறது. வேறொரு கணினியில் உபுண்டு 22.04 நிறுவி, மாணவர்களுக்கு வேண்டியவற்றையெல்லாம் போட்டு, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அதை அப்படியே சர்வரின் /எஸ்ஆர்வி/லேப்/ஜாமி என்ற கோப்புறைக்கு நகலெடுத்தேன். 24 கணினிகளும் அதே கோப்புறையைத்தான் என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாகப் படிக்க மட்டும் மவுண்ட் செய்கின்றன, அதாவது தங்கள் கோப்பு முறைமையாக இணைத்துக்கொள்கின்றன. எழுதப்படுவதெல்லாம் அதன் மேல் போர்த்திய ஓவர்லே என்ற அடுக்கில், அதாவது அந்தந்தக் கணினியின் ரேமில் போய்ச் சேர்கிறது. ஒவ்வொன்றிலும் ரேம் 4 ஜிபி, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) கிடையாது.

முதல் சில வாரங்கள் குறையின்றி ஓடியது. இப்போது தினமும் சில கணினிகள் உறைந்து போகின்றன. ஒரு நாள் ஐந்து, மறுநாள் பத்து. நேரமும் ஒன்றுபோல இருப்பதில்லை, கணினிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எங்களுக்குத் தேவையில்லாத ஸ்னாப்டி, பேக்கேஜ்கிட் (இரண்டும் மென்பொருள் நிறுவுவதற்கானவை), கப்ஸ் (அச்சிடுவதற்கானது) முதலிய பல சேவைகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) மூலம் ஒரு லூப் எழுதி, எல்லாக் கணினிகளிலும் 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்' கொடுத்தேன். மறுநாள் காலையில் எல்லாச் சேவைகளும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தன. பிறகு சர்வரில் அந்தக் கோப்புறைக்குள் சிஹெச்ரூட் செய்து (அதையே ரூட்டாகக் கொண்டு நுழைந்து) 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்தால், சிஹெச்ரூட்டுக்குள் இருப்பதால் கோரிக்கையைப் புறக்கணிப்பதாகச் செய்தி வருகிறது.

ஒவ்வொரு கணினியாகப் போய் உட்காராமல், சர்வரின் கட்டளை வரியிலிருந்தே இந்தச் சேவைகளை நிர்வகிக்கச் சரியான முறை எது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏழாம் எண் கணினியில் மட்டும் பிரிண்டர் இணைக்கப்பட்டிருப்பதால் அதற்குக் கப்ஸ் வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம்.

---

வேர்க்கோப்பு எழுதியது:

வணக்கம். உங்கள் 'டிசேபிள்' கட்டளை வேலை செய்யாமல் போகவில்லை. அன்று மாலை வரை செய்தது. அந்தக் கட்டளை செய்வதெல்லாம் /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறையில் சில இணைப்புகளை நீக்குவதுதான். உங்கள் கணினிகளில் அந்த நீக்கம் ரேமில் எழுதப்பட்டது, மின்சாரத்தை நிறுத்தியதும் போய்விட்டது. எனவே ஓடும் கணினியில் செய்வதைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிலையான மாற்றத்தைச் சர்வரில் உள்ள மூலக் கோப்புறையில் செய்ய வேண்டும். அதற்குச் சிஹெச்ரூட் கூடத் தேவையில்லை. 'சிஸ்டம்சிடிஎல் --ரூட்=/எஸ்ஆர்வி/லேப்/ஜாமி மாஸ்க் பேக்கேஜ்கிட்.சர்வீஸ்' என்று கொடுத்தால், சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அந்தக் கோப்புறையையே ஒரு முழு அமைப்பாகக் கருதி அதற்குள் மாற்றம் செய்யும். எனேபிள், டிசேபிள், மாஸ்க், அன்மாஸ்க், இஸ்-எனேபிள்டு, லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் ஆகியவை இப்படி வேலை செய்யும். ஸ்டார்ட், ஸ்டாப் ஆகியவற்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டி வேண்டும். கோப்புறைக்குள் எதுவும் ஓடவில்லை என்பதால்தான் உங்களுக்கு அந்தச் செய்தி வந்தது.

நான் 'டிசேபிள்' என்று சொல்லாமல் 'மாஸ்க்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பேக்கேஜ்கிட்டின் நிலையைப் பார்த்தால் 'ஸ்டாட்டிக்' என்று வரும். பூட் ஆகும்போது அதைத் தொடங்கும் இணைப்பே கிடையாது என்பதால், டிசேபிள் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. டெஸ்க்டாப்பில் உள்ள மென்பொருள் கடை டி-பஸ் (நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் தடம்) வழியாகக் கூப்பிட்டால் உடனே எழுந்துவிடும். ஸ்னாப்டியின் சர்வீஸை மட்டும் டிசேபிள் செய்தால், அழைப்புக்காகக் காத்திருக்கும் அதன் சாக்கெட் அதைத் திரும்ப எழுப்பிவிடும். மாஸ்க் செய்தால் யூனிட்டின் (சிஸ்டம்டி கையாளும் சேவை, சாக்கெட், டைமர் போன்ற ஒவ்வொன்றின்) பெயர் /டெவ்/நல் என்ற வெற்றுக் கோப்பைச் சுட்டிவிடுகிறது, யார் கூப்பிட்டாலும் எழாது. ஆனால் நீங்களே எழுதி /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறையில் வைத்த யூனிட்டை மாஸ்க் செய்ய முயன்றால், கோப்பு ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லித் தோற்றுவிடும். அதற்கு டிசேபிள் போதும்.

இனி உறைவதைப் பற்றி. நீங்கள் குறிப்பிட்ட சேவைகளைவிட குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் டைமர்கள் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஏதாவது ஒரு கணினியில் 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' கொடுத்து, ஏப்டி-டெய்லி.டைமர் (தொகுப்புப் புதுப்பிப்புகளுக்கானது) வரியில் 'லாஸ்ட்' என்ற பத்தியில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். அது நீங்கள் ஆர்சிங்க் செய்த நாளையோ அதற்கு முந்தைய நாளையோ காட்டினால், காரணம் கிடைத்துவிட்டது. அந்த டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறது. கணினி அணைந்திருந்தபோது தவறிய முறையை, கணினி மீண்டும் வந்ததும் ஈடு செய்வது அதன் வேலை. கடைசியாக ஓடிய நேரத்தை அது /வார்/லிப்/சிஸ்டம்டி/டைமர்ஸ் கோப்புறையில் உள்ள ஒரு முத்திரைக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அந்தக் குறிப்பு நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படும். உங்கள் கணினிகளிலோ அது ரேமில் எழுதப்பட்டு அழிந்துவிடுவதால், ஒவ்வொரு காலையும் 24 கணினிகளும் பழைய தேதியைப் படித்து, 'வெகு நாட்களாக நாம் ஓடவில்லை' என்று முடிவு செய்கின்றன. அந்த டைமருக்கு 12 மணி நேரம் வரையிலான தற்செயல் தாமதமும் இருப்பதால், எந்தக் கணினி எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் கணினிகள் வெவ்வேறு நேரத்தில் உறைவதற்கும் மாலை வரை சில தப்பிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

தொடங்கியதும் தொகுப்புப் பட்டியல்களையும், அன்று முதல் சேர்ந்துபோன பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் அது பதிவிறக்குகிறது. அவையெல்லாம் ஓவர்லே வழியாக ரேமில்தான் சேரும். ரேமில் இயங்கும் கோப்பு முறைமையான டிஎம்பிஎஃப்எஸ் தன் இயல்பான அமைப்பில் ரேமில் பாதி வரை, அதாவது உங்களிடம் 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். மீதியில் உலாவியும் டெஸ்க்டாப்பும் ஓட வேண்டும், ஸ்வாப்பும் இல்லை என்றால், கணினி உறையாமல் என்ன செய்யும்? இமேஜ் (சர்வரில் உள்ள அந்த நகல்) எடுத்த புதிதில் புதுப்பிப்புகள் குறைவாக இருந்ததால்தான் முதல் சில வாரங்கள் தப்பித்தீர்கள். ஏப்டி-டெய்லி.டைமர், ஏப்டி-டெய்லி-அப்கிரேட்.டைமர் ஆகிய இரண்டையும் முதலில் மாஸ்க் செய்யுங்கள். மற்ற டைமர்களையும் ஒரு முறை பாருங்கள். வட்டுக்கான எஃப்எஸ்ட்ரிம் போன்றவற்றுக்கு இங்கே வேலையே இல்லை.

---

முனையன் எழுதியது:

மேலே சொல்லப்பட்ட விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை விடுபட்டிருக்கிறது. கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது தயவுசெய்து அந்தக் கோப்புறையில் கை வைக்காதீர்கள். ஓவர்லே மவுண்ட் ஆகியிருக்கும் நேரத்தில் அதன் அடியில் உள்ள கோப்பு முறைமையை மாற்றுவது அனுமதிக்கப்பட்டதன்று என்றும், மாற்றினால் ஓவர்லே எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வரையறை இல்லை என்றும் லினக்ஸ் கர்னலின் ஆவணமே சொல்கிறது. ஒரு இணைப்பை மாற்றுவது சிறிய வேலையாகத் தோன்றலாம். அதே பழக்கத்தில் ஒரு நாள் நண்பகலில் சிஹெச்ரூட்டுக்குள் ஏப்டி அப்கிரேட் கொடுத்துவிட்டால், 24 கணினிகளின் காலடியில் இருந்து ஒரே நேரத்தில் நூலகக் கோப்புகளை உருவியதாகிவிடும்.

நான் பின்பற்றும் முறை இது. ஓடும் கோப்புறையைத் தொடாமல், அதை ஆர்சிங்க் மூலம் தேதியிட்ட புதிய கோப்புறைக்கு நகலெடுத்து, மாஸ்க் செய்வது, புதுப்பிப்பது, புதிய தொகுப்பு சேர்ப்பது எல்லாவற்றையும் அந்த நகலில் செய்கிறேன். பிறகு ஒரே ஒரு கணினியின் பூட் கோப்பை மட்டும் அந்த நகலை நோக்கித் திருப்பி, ஒரு நாள் முழுவதும் ஓட விடுகிறேன். நீங்கள் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற நெட்வொர்க் பூட் நிரலைப் பயன்படுத்துவதாக இருந்தால், பிஎக்ஸ்இலினக்ஸ்.சிஎஃப்ஜி கோப்புறையில் 01 என்று தொடங்கி, அந்தக் கணினியின் நெட்வொர்க் அட்டைக்கே உரிய மேக் முகவரியைச் சிறிய எழுத்துகளில் இடைக்கோடுகளுடன் தொடர்ந்து எழுதிய பெயரில் ஒரு கோப்பு வைத்தால், அந்த ஒரு கணினி மட்டும் அதைப் படிக்கும். குறை தெரியாவிட்டால் பொதுக் கோப்பையும் மாற்றிவிடலாம். குறை தெரிந்தால் பழைய கோப்புறை அப்படியே இருக்கிறது, பாதையை மட்டும் திருப்பினால் போதும்.

நகலுக்குள் சிஹெச்ரூட் செய்து தொகுப்புகளை நிறுவும்போது, /யுஎஸ்ஆர்/எஸ்பின்/பாலிசி-ஆர்சி.டி என்ற பெயரில், 101 என்ற வெளியேறு எண்ணை மட்டும் தரும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்துவிடுங்கள். நிறுவும்போது சேவைகளைத் தொடங்க வேண்டாம் என்பதே அந்த எண்ணின் பொருள். வேலை முடிந்ததும் அதை நீக்க மறக்க வேண்டாம்.

ஏழாம் கணினிக்கு வருகிறேன். ஒரு சேவைக்காகத் தனி இமேஜ் வைத்துக்கொள்வது வீண் சுமை. அந்தக் கணினியின் பூட் கோப்பில் கர்னல் வரியின் இறுதியில் 'லேப்.பிரிண்டர்' என்று நீங்களே ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். தனக்குத் தெரியாத சொல்லைக் கர்னல் பொருட்படுத்தாது. பிறகு நகலின் /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறையில் கப்ஸ்.சர்வீஸ்.டி என்ற துணைக் கோப்புறையை உருவாக்கி, அதில் ஒரு .கான்ஃப் கோப்பு வைத்து, 'யூனிட்' பகுதியின் கீழ் 'கண்டிஷன்கர்னல்கமாண்ட்லைன்=லேப்.பிரிண்டர்' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாத கணினிகளில் சிஸ்டம்டி அந்தச் சேவையைப் பிழை காட்டாமல் தாண்டிப் போய்விடும். கப்ஸைப் பொறுத்தவரை சாக்கெட், பாத் என்ற இரண்டு யூனிட்டுகள் அதை எழுப்பக்கூடியவை. எனவே அதே வரியை அவ்விரண்டுக்கும் எழுத வேண்டும்.

சோதிப்பதற்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. கர்னல் வரியில் 'சிஸ்டம்டி.மாஸ்க்=' என்று எழுதி யூனிட்டின் பெயரைக் கொடுத்தால், அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அது மாஸ்க் ஆகிவிடும். எந்தக் கோப்பையும் தொடாமலேயே, ஒரு சேவையை நிறுத்தினால் என்ன உடைகிறது என்று பார்த்துவிடலாம்.

---

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஒரு கணினியில் டைமர்களைப் பார்த்தேன். ஏப்டி-டெய்லி வரியின் 'லாஸ்ட்' பத்தியில், நான் நகலெடுத்த நாளின் தேதியே இருந்தது. அருகில் இருந்த, சற்று முன்பு உறையத் தொடங்கியிருந்த கணினியில் எப்படியோ உள்ளே நுழைந்து பார்த்தபோது, /வார்/கேஷ்/ஏப்டி/ஆர்கைவ்ஸ் கோப்புறையில் கர்னல் தொகுப்புகளும் உலாவித் தொகுப்புகளும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மாணவர்கள் கணினிகளைத் தவறாகப் பயன்படுத்துவதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

தேதியிட்ட நகல் ஒன்றை எடுத்து, இரண்டு டைமர்களையும் பேக்கேஜ்கிட்டையும் ஸ்னாப்டியின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்து, மூன்றாம் எண் கணினியை மட்டும் அதற்குத் திருப்பியிருக்கிறேன். இந்த நகலில் வேறு எவற்றை நான் கவனிக்க வேண்டும்?

---

பழையயுனிக்ஸ் எழுதியது:

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியை அப்படியே நகலெடுத்ததாகச் சொன்னீர்கள். அதனால் மூன்று விஷயங்களை உடனே பார்த்துவிடுவது நல்லது.

/இடிசி/மெஷின்-ஐடி கோப்பில் உள்ள அடையாள எண் இப்போது 24 கணினிகளுக்கும் ஒன்றாக இருக்கும். முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கையில் அனுப்பும் அடையாளத்தை அந்த எண்ணிலிருந்து உருவாக்கும் நிரல்கள் இருப்பதால், இரண்டு கணினிகள் ஒரே முகவரிக்கு மோதிக்கொள்ளக்கூடும். நகலில் அந்தக் கோப்பை நீக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்துவிடுங்கள். ஒவ்வொரு கணினியும் பூட் ஆகும்போது தனக்கென ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளும். இரண்டாவது, எஸ்எஸ்ஹெச் சேவையின் ரகசியச் சாவிகள். அவை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருப்பதோடு, ஏற்றுமதி செய்யப்பட்ட கோப்புறையிலும் கிடக்கின்றன. முதலில் நகலெடுத்த கணினி இன்னும் வேறெங்காவது அதே சாவிகளோடு பயன்பாட்டில் இருந்தால், அதில் புதிய சாவிகளை உருவாக்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. நெட்வொர்க் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்பது உங்கள் கணினிகளுக்கு மற்றவற்றைப் போன்ற ஒரு சேவை அன்று. ரூட் கோப்பு முறைமையே அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. யாராவது அதை மறுதொடக்கம் செய்து, இணைப்பு ஒரு கணம் கீழே இறங்கினால், 'என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்ற செய்தியோடு கணினி நின்றுவிடலாம். இணைப்பை மீட்க வேண்டிய நிரலைப் படிக்கவும் அதே இணைப்புதான் வேண்டும். எனவே பூட் ஆகப் பயன்படும் ஈதர்நெட் இடைமுகத்தை, நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் 'அன்மேனேஜ்டு-டிவைசஸ்' என்ற வரியில் சேர்த்துவிடுங்கள். அப்போது டிஎன்எஸ் முகவரியை நீங்களே எழுதிவைக்க வேண்டியிருக்கும். ஜர்னல் (கணினியின் பதிவேடு) ரேமில் வளர்ந்துகொண்டே போகாமல் இருக்க, ஜர்னல்டியின் அமைப்பில் 'ஸ்டோரேஜ்=வாலட்டைல்' என்பதையும் 'ரன்டைம்மேக்ஸ்யூஸ்' என்ற வரம்பையும் கொடுங்கள்.

நண்பர் முனையன் சொன்ன முறை சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தில் பணிபுரிந்தவர்களுக்குப் பழக்கமானது. அங்கே எஸ்எம்ஓஎஸ்சர்வீஸ் என்ற கட்டளையால் கிளையண்டுகளுக்கான (சர்வரிலிருந்து பூட் ஆகும் கணினிகளுக்கான) இயங்குதளத்தைச் சர்வரில் சேர்ப்போம், எஸ்எம்டிஸ்க்லெஸ் கட்டளையால் கிளையண்டுகளைச் சேர்ப்போம். ஒரு பேட்ச் (மென்பொருள் திருத்தம்) வந்தால், கிளையண்டை அணைத்துவிட்டு, பேட்சை முதலில் சர்வரின் ஸ்பூல் பகுதியில் சேர்த்து, சேர்ந்ததா என்று பட்டியலிட்டுச் சரிபார்த்த பிறகே கிளையண்டுகளுக்குக் கொண்டுபோவோம். அந்தக் கடைசிப் படிக்கு 90 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று கையேடே சொல்லும். கருவி மாறியிருக்கிறது, வரிசை மாறவில்லை.

இதையெல்லாம் கையால் செய்ய நேரமில்லை என்றால் வட்டில்லாக் கணினிகளுக்கான எல்டிஎஸ்பி என்ற திட்டத்தைப் பாருங்கள். கிளையண்டுகளுக்கு ஒவ்வாத சேவைகளின் பட்டியல் ஒன்றை அது தானே வைத்துக்கொண்டு, பூட் ஆகும்போது அவற்றை மாஸ்க் செய்கிறது. ஒவ்வொரு மேக் முகவரிக்கும் தனிப் பகுதி எழுதி, கூடுதலாக எதை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது என்று ஒரே அமைப்புக் கோப்பில் சொல்லிவிடலாம்.

---

ஆய்வகப்பொறுப்பு எழுதியது:

இரண்டு நாட்களாக மூன்றாம் கணினி காலை முதல் மாலை வரை உறையாமல் ஓடுகிறது. மாலையில் ஓவர்லே எடுத்துக்கொண்டிருந்த இடம் 140 எம்பி மட்டுமே; உறைந்த கணினியில் நான் பார்த்தபோது அது 1.6 ஜிபி. மெஷின்-ஐடியைக் காலி செய்துவிட்டேன், சாவிகளையும் மாற்றிவிட்டேன். கப்ஸ் யூனிட்டுகள் மூன்றுக்கும் அந்த வரியைச் சேர்த்து, ஏழாம் கணினியின் பூட் கோப்பில் சொல்லைச் சேர்த்ததும், அங்கே அச்சாகிறது. மூன்றாம் கணினியில் கப்ஸின் நிலையைக் கேட்டால், நிபந்தனை நிறைவேறாததால் தொடங்கவில்லை என்று வருகிறது.

முதலில் சாக்கெட்டுக்கு அந்த வரியை எழுத மறந்துவிட்டேன். சர்வீஸ் தாண்டிப் போனாலும் சாக்கெட் மட்டும் காத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் முனையன் ஏன் மூன்றையும் சொன்னார் என்று விளங்கியது. சனிக்கிழமை மாலை எல்லாக் கணினிகளையும் அணைத்த பிறகு, பொதுப் பூட் கோப்பைப் புதிய நகலுக்குத் திருப்பப் போகிறேன். பழைய நகலை ஒரு மாதம் வைத்திருப்பேன்.