மெடிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல டீச்சிங், ரிசர்ச்னு போகலாமா? உள்ள இருக்கிறவங்க சொல்லுங்க

சிக்மா_ஸ்கொயர்:
எம்எஸ்சி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிக்கப் போறேன். மெடிக்கல் காலேஜ் ஒண்ணுல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிஎச்டிக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருக்கு, முடிச்சிட்டு அப்படியே டீச்சிங், ரிசர்ச்னு இருந்துடலாம்னு ஆசை. ஆனா ஒரு சீனியர், "அங்க போனா டாக்டருங்களுக்கு பி-வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லைன்னாலும் இப்படி ரிசல்ட் வர எவ்ளோ சான்ஸ்ங்கிற நம்பர்) போட்டுக் குடுத்தே காலம் போயிடும், சொந்த ரிசர்ச்ச மறந்துடு"ங்கிறார். ஃபார்மாவுல சம்பளம் ஜாஸ்தின்னும் சொல்றாங்க. பயாலஜிய ஸ்கூலோட விட்டாச்சு, அது வேற பயமா இருக்கு.

பழைய_வாத்தியார்:
சீனியர் சொன்னது பாதி நிஜம் தம்பி. எக்செல் ஷீட்டத் தூக்கிட்டு வருவாங்க, ஒரே காலம்ல 'ஆண்', 'மேல்', '1'னு இஷ்டத்துக்கு இருக்கும், நாளைக்கு தீசிஸ் சப்மிட் பண்ணணும் சார், ஏதாவது சிக்னிஃபிகன்ட்டா வருதான்னு பாருங்கம்பாங்க. எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சப்புறம் எங்ககிட்ட வந்தா போஸ்ட்மார்ட்டம்தான் பண்ண முடியும்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேதை ஃபிஷர் 1938லயே சொல்லிட்டார், இன்னும் பாடியாத்தான் கொண்டு வர்றாங்க :)

ஆனா சொந்த ரிசர்ச்சுக்கு விதையே இந்தத் தலைவலிலதான் இருக்கு. பிளாண்ட்-ஆல்ட்மன் ப்ளாட் தெரியும்ல, 1986ல லான்செட்ல வந்தது. ரெண்டு பிபி மெஷின் ஒரே மாதிரி அளக்குதான்னு பாக்க எல்லாரும் கோரிலேஷன் (ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்குதான்னு காட்டற நம்பர், 1தான் உச்சம்) போட்டுட்டு 0.95 வந்துடுச்சு சூப்பர்னு எழுதிட்டிருந்தாங்க, ஒரு மெஷின் எப்பவும் 10 பாயின்ட் கூடவே காட்டினாலும் கோரிலேஷன் 1 வரும்ங்கிறத யாரும் யோசிக்கல. வித்தியாசத்த சராசரிக்கு எதிரா போட்டுப் பாருங்கடான்னு பிளாண்டும் ஆல்ட்மனும் சொன்னதுல பெரிய கணக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா மருத்துவத்துலயே அதிகமா மேற்கோள் காட்டப்படுற பேப்பர்கள்ல அதுவும் ஒண்ணு. டாக்டருங்க எங்க தப்பு பண்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாக்கறவனுக்குத்தான் இந்த மாதிரி கேள்வி தோணும்.

நிலா:
கிளாஸ் எடுக்கறதப் பத்தி யாரும் சொல்லலையே. மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கு ஸ்டாட்ஸ்னாலே வேப்பங்காய்தான், போர்டுல ஃபார்முலா எழுதினா கடைசி பெஞ்ச் இல்ல, முதல் பெஞ்சே தூங்கும். நான் இப்பல்லாம் இந்தக் கணக்குலதான் ஆரம்பிக்கிறேன்: ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு வர்ற நோய், டெஸ்டோட சென்சிட்டிவிட்டி (நோய் இருக்கிறவங்கள பாசிட்டிவ்னு சரியா சொல்றது) 99%, ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவங்கள நெகட்டிவ்னு சரியா சொல்றது) 95%, உங்க பேஷன்ட்டுக்கு பாசிட்டிவ், நோய் இருக்க எவ்ளோ சான்ஸ்? பாதிப்பேர் 95ம்பாங்க. ஆயிரம் பேர்ல நிஜமான பாசிட்டிவ் ஒண்ணு, பொய் பாசிட்டிவ் அம்பது, ஆக வெறும் 2% தான்னு போட்டுக் காட்டினா அதுக்கப்புறம் ஒருத்தரும் தூங்கறதில்ல. எனக்கு இந்த வேலையில பிடிச்சதே இதுதான், பேப்பரெல்லாம் அப்புறம்.

பயாலஜி பத்தி கவலையே படாதீங்க, மெடிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸோட முன்னோடி பிராட்ஃபோர்ட் ஹில்லே டாக்டர் கிடையாது. டாக்டராகணும்னு நெனச்சவருக்கு முதல் உலகப்போர்ல டிபி வந்துடுச்சு, அப்புறம் தபால்ல எகனாமிக்ஸ் படிச்சவர். அவர் டிசைன் பண்ணி 1948ல வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தோட டிரையலும் டிபிக்கேதான்! மருந்து குடுத்த 55 பேர்ல ஆறு மாசத்துல இறந்தது 4 பேர், பெட் ரெஸ்ட் மட்டும் இருந்த 52ல 14 பேர். மருந்து எல்லாருக்கும் பத்தாத நேரம்ங்கிறதால ரேண்டமா, குலுக்கல் மாதிரி பிரிக்கறதுதான் நியாயம்னு அவங்களால வாதாட முடிஞ்சுது.

மிஸ்ஸிங்_டேட்டா:
நான் ஃபார்மாவுல இருக்கேன். சம்பளம் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். டேட்டாவத் தொறக்கறதுக்கு முன்னாடியே அனாலிசிஸ் ப்ளான எழுதி ஃப்ரீஸ் பண்ணிடுவோம், அதனால அந்த "ஏதாவது வருதா பாருங்க" தொல்லை கம்மி, ஆனா எந்தக் கேள்வியக் கேக்கணும்ங்கிறது உங்க கையில இல்ல. பிஎச்டி முடிச்சிட்டு இங்க வர்றது சுலபம், இங்கேருந்து திரும்பி யூனிவர்சிட்டிக்குப் போறதுதான் கஷ்டம், நடுவுல பேப்பர் இல்லைன்னா ரொம்பவே.

சிக்மா_ஸ்கொயர்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். சேர்றதுக்கு முன்னாடி கைடுகிட்ட என்ன கேக்கணும்?

பழைய_வாத்தியார்:
அவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அவரோட ஸ்டூடன்ட்ஸ் பேப்பர்கள எடுத்துப் பாருங்க. எல்லாத்துலயும் அவங்க பேரு நடுவுலயே இருந்தா டாக்டருங்களுக்கு கணக்கு போட்டுக் குடுக்கற கன்சல்டிங் மட்டும்தான் நடக்குதுன்னு அர்த்தம், மெத்தட்ஸ் பேப்பர்ல (புது ஸ்டாட்ஸ் முறையப் பத்தின பேப்பர்) முதல் ஆத்தரா யாராவது இருந்தா தைரியமா சேருங்க. அப்புறம் வாரத்துல எத்தன நாள் கன்சல்டிங், எத்தன நாள் சொந்த வேலைங்கிறத மெயில்ல எழுதி வாங்கிக்குங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க.