பார்க்கிங் லாட்டில் கேட்கும் எட்டுகள்: ட்ரம் கோர் அனுபவப் பகிர்வு

ஸ்நேர்ப் பிரியர்:

ட்ரம் கோரை, அதாவது அணிவகுத்து நகர்ந்தபடியே வாசிக்கும் பித்தளை, ட்ரம் இசைக்குழுவை, மைதானத்தில் பார்ப்பதற்கு முன் பார்க்கிங் லாட்டில் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் டிசிஐ (Drum Corps International, இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) இறுதிப்போட்டி நடக்கும்போது (2009 முதல் அங்கேதான்) ஒவ்வொரு குழுவின் ட்ரம் லைனும் (ட்ரம் வாசிப்பவர்களின் வரிசை) வெளியே அரைவட்டமாக நின்று கை சூடேற்றும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று கேட்கலாம்.

அங்கே முதலில் வருவது 'எட்டுகள்'. வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி, திரும்பவும் வலது. இதைவிட எளிய பாடம் கிடையாது. ஆனால் ஒரு லைனின் தரம் இதிலேயே தெரிந்துவிடும். கவனிக்க வேண்டிய இடம் கை மாறும் இடம். வலது கையின் எட்டாவது அடிக்குப் பிறகு இடது கை கீழிருந்து கிளம்பினால் அந்த அடி பிந்தும். அதனால் வலது கை ஏழாவது அடியில் இருக்கும்போதே இடது குச்சி மேலே போய்க் காத்திருக்கப் பழக்குவார்கள். குச்சி நுனி 12 அங்குலம் வரை எழ வேண்டும், எட்டு அடியிலும் அதே உயரம். ஒருவர் 10 அங்குலத்தில் நின்றால் காதுக்கு முன்னால் கண் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது அழுத்த அடியும் மெல்லடியும் கலந்த பாடம். அழுத்தம் 12 அங்குலம் அல்லது 9, மெல்லடி 3. தவறு பெரும்பாலும் அழுத்தத்தில் வராது, அதற்கு அடுத்த மெல்லடியில் வரும். ஓங்கி அடித்த குச்சியைத் தோலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தாமல் விட்டால் அடுத்த அடி 5, 6 அங்குலத்திலிருந்து விழும். ஒன்பது பேரில் இருவர் அப்படிச் செய்தாலும் மொத்தச் சத்தமும் கலங்கிவிடும்.

தோல் கட்டுபவர்:

கை எவ்வளவு ஒத்துப்போனாலும் தோல் ஒத்துப்போகாவிட்டால் பயன் இல்லை. இந்த ஸ்நேர் (கீழ்த்தோலில் நரம்புகள் ஓடும் ட்ரம்) 14 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், ஒவ்வொரு பக்கமும் 12 போல்ட். மேல்தோல் கெவ்லர் என்ற வலுவான செயற்கை நாரில் செய்தது. சாதாரண பிளாஸ்டிக் தோல் இழுத்தால் நீளும், கெவ்லர் அனேகமாக நீளாது. அதனால்தான் மேஜையில் அடித்த மாதிரி அந்தக் கூர்மையான சத்தம். மரக்கூட்டில் போல்ட் பதித்த பழைய ட்ரம்மில் இந்த அளவு முறுக்கு ஏற்றினால் கூடு நசுங்கிவிடும். இன்றைய ட்ரம்களில் இழுவிசையை உலோக வளையங்களே தாங்கிக்கொள்ளும், கூடு இடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

தோல் கட்டும் முறை: முதலில் கீழ்த்தோல். போல்ட்டுகளை விரலால் முடிந்தவரை திருகிவிட்டு, சாவியால் எதிர் எதிராக அரைச் சுற்று. முறுக்கு ஏற ஏறக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் வளையம் சாய்ந்து உட்கார்ந்துவிடும், பிறகு எத்தனை முறை சரிசெய்தாலும் சுருதி சேராது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் நேராக, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே மெல்லத் தட்டிக் கேட்டு, பன்னிரண்டு இடமும் ஒரே சுருதிக்கு வரும்வரை விடக் கூடாது. கீழ்த்தோல் மேல்தோலைவிடச் சற்று உயர்ந்த சுருதியிலேயே இருக்கட்டும். புதிய தோலின் சுருதி ஓரிரு நாளில் இறங்கும், அதனால் போட்டிக்கு முந்தின இரவு தோல் மாற்றக் கூடாது.

கீழ்த்தோலை ஒட்டி ஓடும் நரம்புகளை ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் அடி ஓய்ந்த பிறகு இரைச்சல் நிற்காது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால் 3 அங்குல மெல்லடி செத்துப்போகும். ஓங்கி அடித்துப் பார்த்து நரம்பைச் சரிசெய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மெல்லடியில் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். போல்ட் மரையில் கிரீஸ் காய்ந்திருந்தால் மரை தேய்ந்து, ஒரு நாள் முறுக்கின் நடுவிலேயே கழன்றுவிடும்.

பேஸ் வரிசை:

அண்ணன் ஸ்நேர் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். என் மனசு பேஸ் ட்ரம்மில்தான்.

ஐந்து பேர், ஐந்து அளவு. மேலே 18 அங்குலம், கீழே 28 அல்லது 30. ஒரு வரியை ஐவரும் பிரித்து வாசிப்பதுதான் 'ஸ்ப்ளிட்'. 'தகதிமி' என்பதில் 'த' ஒருவர், 'க' அடுத்தவர், 'தி' இன்னொருவர், 'மி' நான்காமவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 140 தட்டு வேகத்தில் ஓர் அட்சரத்துக்கு 0.11 வினாடிக்கும் குறைவு. பக்கத்து ஆளின் அடியைக் கேட்ட பிறகு அடித்தால் எப்போதும் பிந்தும். ஐந்தாவது ஆளுக்கு வரும்போது அந்தப் பிந்தல் சேர்ந்து சேர்ந்து வரி நொண்டும். ஆகவே ஒவ்வொருவரும் முழு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய், தன் ஓர் எழுத்தை மட்டும் கையால் சொல்ல வேண்டும். நன்றாக விழுந்தால் ஒரு பெரிய கை ஐந்து ட்ரம்மின் மேலும் உருண்டு போன மாதிரி கேட்கும். அந்த ஒரு கணத்துக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டு பக்கமும் அடிப்பதால் இரண்டு தோலும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டும் நுரைப்பட்டையும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வலது கை ஒரு ஆள், இடது கை வேறொரு ஆள் மாதிரி ஒலிக்கும். பேஸ் தோல் கெவ்லர் அல்ல, பிளாஸ்டிக். ஜூலையில் சான் அன்டோனியோவில் வெயிலில் சூடேற்றிவிட்டு ஏசி போட்ட அலமோடோம் ஸ்டேடியத்துக்குள் போகும்போது சுருதி நகரும். உள்ளே போனதும் ஒரு முறை தட்டிக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

டெனர் பக்கம் சுருக்கமாக:

நான்கு பெரிய ட்ரம், இரண்டு சின்னது, எல்லாம் ஒரே ஆளின் தோளில். நட்டநடுவில் அடித்தால் சத்தம் மொத்தையாகிவிடும், வளையத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே விழ வேண்டும். ஒரு கையைத் தாண்டி மறுகை போகும் 'க்ராஸ்ஓவர்' கண்ணைப் பறிக்கும். ஆனால் முழங்கை மேலே எழுந்தால் குச்சி வளையத்தில் முட்டும். மணிக்கட்டு கிடையாகப் போக வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

பிட் பக்கத்துக்காரர்:

வீடியோவில் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: தூரம். மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ட்ரம் லைன் பிட்டுக்கு (மைதானத்தின் முன் ஓரத்தில் தரையில் வைத்து வாசிக்கும் தாள வாத்தியக் குழு) 30 மீட்டர் பின்னால் நின்றால் சத்தம் முன்னால் வர 0.09 வினாடி ஆகும். 170 வேகத்தில் 'தகதிமி'யின் ஓர் அட்சரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, பின்னால் நிற்பவர்களும் முன்னால் மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசிப்பவர்களும் கையசைத்துத் தாளம் காட்டும் ஒரே ட்ரம் மேஜரின் கையைப் பார்த்துச் சரியாக அடித்தால், பார்வையாளர் காதில் ஓர் அட்சரம் விலகி விழும். இரு பக்கமும் சரியாக வாசித்தும் தப்பாகக் கேட்கும்!

அதனால் விதி இது: பின்னால் இருப்பவர் கையைப் பார்ப்பார். முன்னால் இருப்பவர் கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் சத்தத்தோடு சேர்வார். பயிற்சியில் மெட்ரோனோம் (சீரான தட்டு எழுப்பும் கருவி) ஸ்பீக்கரை லைனுக்குப் பின்னால் வைப்பது இதற்காகத்தான். முன்னால் வைத்துப் பழகிய குழு போட்டியன்று சிதறும்.

மரிம்பாவும் டிம்பனியும் (பெரிய கிண்ண வடிவ ட்ரம்) தோளில் சுமந்து நடந்த காலம் ஒன்று உண்டு. 1982இல் தரையில் வைக்க அனுமதி கிடைத்தது, பிட் பிறந்தது. 2004இல் மைக் வந்தது. அதற்கு முன் சத்தம் மேல்தட்டு வரை எட்டுவதற்காகக் கெட்டியான மேலட்டால் (உருண்டை முனைக் குச்சி) ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகுதான் மரிம்பாவின் கீழ்க்கட்டைகளின் கனிவு ஸ்டேடியத்தில் கேட்கத் தொடங்கியது. மைக் கெடுத்துவிட்டது என்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய ஆள்:

தம்பிகளுக்கு ஒரு விஷயம். 1983 வரை புள்ளி போடுவதில் 'டிக்' முறை இருந்தது. நடுவர் அட்டையும் பென்சிலுமாக வாசிப்பவர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, ஒவ்வொரு தவறுக்கும் 0.1 புள்ளியைக் கழிப்பார். 1984இல் அதைக் கைவிட்டார்கள். டிக் முறை சுத்தத்தைக் கொடுத்தது, அதே சமயம் துணிந்து எழுதுபவரைத் தண்டித்தது. அந்தக் காலத்திலேயே சாண்டா கிளாரா வேன்கார்டு குழுவில் ஃப்ரெட் சான்ஃபர்ட் ட்ரம்களைப் பாட வைத்தார். இன்றும் சிறந்த தாள வாத்தியப் பிரிவுக்கான டிசிஐ விருது அவர் பெயரில்தான். பேயோன் பிரிட்ஜ்மென் குழுவில் டென்னிஸ் டெலூசியா ட்ரம் லைனுக்கு ஜாஸின் நடையைக் கொண்டு வந்தார். எண்பதுகளில் வேன்கார்டுக்கு ரால்ஃப் ஹார்டிமன் எழுதியதைக் கேட்டால், அடிகளுக்கு நடுவில் விட்ட இடைவெளிதான் அதிகம் பேசும்.

புள்ளி எவ்வளவு நெருக்கம் என்று கேட்பவர்களுக்கு: 2008 இறுதிப்போட்டியில் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு ப்ளூ டெவில்ஸ் குழுவை முந்தியது 0.025 புள்ளியில். மேலே சொன்ன தளர்ந்த நரம்பு, 5 அங்குல மெல்லடி எல்லாம் அந்த இடத்தில்தான் கணக்குக்கு வரும்.

ஸ்நேர்ப் பிரியர்:

லாட்டுக்குப் போகிறவர்கள் அரைவட்டத்தின் நடுவில் நிற்கும் ஸ்நேர்காரரைப் பாருங்கள். வேகத்தைத் தருவது அவர்தான். முதலில் அவர் தனியாகத் தட்டுவார், மற்றவர்கள் வாயால் 'டட், டட், டட், டட்' என்பார்கள். அந்த நாலாவது 'டட்'டில் எல்லாக் குச்சியும் மேலே ஒரே உயரத்தில் நிற்கும். கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், அவர் கண்ணை மறைத்தால் லைனே தடுமாறும். ஒரு அடி பின்னால் தள்ளி, பேஸ் பக்கமாக நில்லுங்கள். ஸ்ப்ளிட் உருளுவது அங்கே நன்றாகக் கேட்கும்.