ஜோங்ஃபெங் = நடுவோட்டம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சீனத் தூரிகையெழுத்தில் நுனியைக் கோட்டின் நடுவில் ஓட்டும் முறைக்கு ஜோங்ஃபெங் என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘நேர்கோட்டு முறை’ என்று இங்கே ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கோடு எப்படி வளைந்தாலும் ஜோங்ஃபெங் ஜோங்ஃபெங்தான். தூரிகையின் நுனி கோட்டுக்குள் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதுதான் அதில் முக்கியம்.

நான் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். அதனால் கையில் நடப்பதையே சொல்கிறேன். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் மயிர்கள் இரு பக்கமும் சமமாக விரியும். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் நுனி கோட்டின் நடுவில் போகும், இரண்டு ஓரங்களுக்கும் மை ஒன்றுபோல இறங்கும். தூரிகையைச் சாய்த்தால் நுனி ஓர் ஓரத்தை ஒட்டிக்கொள்ளும். அந்த ஓரம் வழவழவென்று வரும், எதிர் ஓரம் பிசிறடிக்கும். இது ட்செஃபெங். தூரிகையெழுத்துக்குப் பயன்படும், சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்துச் சுவான் தாளில், அதுவும் படிகாரம் பூசாத வகையில், மை விழுந்த உடனே ஊறிவிடும். பிசிறைத் திருத்தவே முடியாது.

ஆகவே ஓட்டத்தை வைத்துப் பெயரிடுவோம்: ஜோங்ஃபெங் நடுவோட்டம், ட்செஃபெங் ஓரவோட்டம். ‘நடுமுனை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். முனை என்றால் ஊசி, பேனா போலக் கெட்டியான பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆட்டுமயிரில் செய்த தூரிகைக்கு நுனிதான் சரி.

அடுத்தது ட்சாங்ஃபெங். வலப்பக்கம் போகவேண்டிய கிடைக்கோட்டைத் தொடங்கும்போது நுனியை முதலில் லேசாக இடப்பக்கம் தள்ளி, அப்புறம் வலப்பக்கம் திருப்புகிறோம். நுனி பதிந்த தடம் கோட்டுக்குள்ளேயே மூடிப்போய், தொடக்கம் உருண்டு வருகிறது. தாங் அரசமரபுக் காலத்துத் தூரிகையெழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங்கின் (709–785) எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுகிறவர்களுக்கு இது முதல் பாடம் மாதிரி. அவருடைய கோடுகளின் கனமே இந்தத் திருப்பத்தில்தான் தொடங்குகிறது. எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இதற்கு ‘நுனிக்கரவு’ என்று முதலில் நினைத்தேன். கரவில் வஞ்சம் என்ற பொருளும் ஒலிப்பதால் ‘நுனிமறைவு’ என்றே வைக்கலாம். நுனித்தடம் வெளியே தெரியும் லூஃபெங்குக்கு ‘நுனிவெளிப்பாடு’.

ஃபெய்பாய்க்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. மை குறைந்த தூரிகை வேகமாக ஓடும்போது கோட்டின் நடுவே தாளின் வெள்ளை கீறல் கீறலாகத் தெரியுமே, அது. சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்களுக்கும் இது பழக்கமானது. அவர்களிடம் புழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட அதையே எடுத்துக்கொள்ளலாம்.