புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையை வைத்துத் தம்பியின் எதிர்காலத்தை முடிவு செய்யலாமா?

யாங்கோன் மகள்
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பிக்கு வயது 22. 2024 பிப்ரவரியில் இங்கே மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஆண்களில் 18 முதல் 35 வரை என்கிறார்கள், அவன் பெயர் எந்த மாதம் வருமோ தெரியாது. பெரியப்பா வீட்டார், பாங்காக்குக்கு அனுப்பு, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தினமும் ஃபோன் செய்கிறார்கள்.

அப்பா அசையவே இல்லை. வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் என்று தம்பி எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த அட்டையை அப்பா பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு தேவ ஊழியர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "இந்த வருஷத்துக்குள் எல்லாம் மாறும், பையன் பெயர் வராது" என்று தீர்க்கதரிசனமாகச் சொன்னார். "தேவன் பேசிவிட்டார், இனி ஓடினால் அவிசுவாசம்" என்று அப்பா முடித்துவிட்டார்.

தேவன் நடத்துவார் என்று நம்புவது இதுதானா? வேதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்
தெரு, சபை, ஏஜென்ட் பெயர் எதையும் இங்கே எழுத வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

பெகூக்காரன்
தங்கச்சி, உங்கள் அப்பா பக்கம் நிற்கிறேன்.

1964 எங்கள் குடும்பத்துக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் நெல் வியாபாரப் பணம் முழுக்க அந்த நோட்டுகளில்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் காதுத் தோட்டைக்கூடக் கழற்றச் சொன்னார்கள் என்று பாட்டி சொல்லுவார். தாத்தா மட்டும் ஜெபித்துவிட்டு, "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்" என்ற 37ஆம் சங்கீத வசனத்தைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். 1966இல் வெளிநாட்டு மிஷனரிகளையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஆராதனை நடந்தது என்றால், தாத்தா மாதிரி நாலு பேர் நின்றதால்தான். அன்றைக்கு எல்லாரும் கணக்குப் பார்த்துக் கிளம்பியிருந்தால் இன்றைக்கு உங்கள் தம்பிக்கு அட்டை எடுக்க ஒரு சபை இருந்திருக்குமா?

பயத்தில் எடுக்கும் முடிவைத் தேவ சித்தம் என்று சொல்ல என்னால் முடியாது.

மோல்மேன் வாசகி
பெகூ அண்ணன், உங்கள் தாத்தா நின்றதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் நின்றது தனக்காக. இங்கே நடப்பது ஒரு தகப்பன் மகனை நிறுத்தி வைப்பது. இரண்டும் ஒன்றாகாது.

யாங்கோன் மகள், அந்த அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கிறது. 29ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனமே, பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறது. கடிதம் கைக்கு வந்தபோது முப்பது, நாற்பது வயதில் இருந்தவர்கள் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொன்னார். சமாதானத்துக்கேதுவான நினைவு என்பது இத்தனையும் சேர்ந்தது. "உனக்கு ஒன்றும் நடக்காது" என்று அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

அப்படிச் சொன்ன ஆளும் அங்கே உண்டு. முந்தின அதிகாரத்தில் வருகிற அனனியா. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று, கர்த்தருடைய பேரால் சொன்னான். கேட்ட ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! "கர்த்தர் உன்னை அனுப்பினதில்லை" என்றார் எரேமியா. "இந்த வருஷத்துக்குள்" என்று உங்கள் வீட்டில் வந்து சொன்னவர் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷக் கணக்குச் சொல்லி ஆறுதல் தருகிறவரைச் சோதித்துப் பார்க்க வேதமே நமக்கு அனுமதி தருகிறது.

பெகூக்காரன்
எரேமியாவையே எடுத்தீர்கள், நல்லது. 42ஆம் அதிகாரத்துக்கு ஏன் போகவில்லை? எருசலேம் விழுந்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் பயந்துபோய் எகிப்துக்கு ஓடப் பார்த்தார்கள். எங்களுக்காக விசாரியும் என்று எரேமியாவிடம் வந்தார்கள். பத்து நாள் கழித்து வந்த பதில்: இந்தத் தேசத்தில் தரித்திருங்கள், பயப்படாதிருங்கள். கேட்காமல் போனார்கள். என்ன ஆயிற்று?

அமெரிக்க மிஷனரி ஜட்சனையும் மறந்துவிட வேண்டாம். 1813இல் ரங்கூனில் இறங்கியவர், முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1824இல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்ததும் பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் விலங்கு போட்டுச் சிறையில் தள்ளினார்கள். அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. 1834இல் உங்கள் மோல்மேனில்தான் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். அவர் கணக்குப் பார்த்தாரா?

மோல்மேன் வாசகி
ஜட்சன் ரங்கூனுக்கு வந்த வழியைப் பாருங்கள் அண்ணன். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இருக்க விடவில்லை. மொரீஷியஸ் போனார், அங்கிருந்து மெட்ராஸ். அங்கேயும் தங்கினால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளம்பத் தயாராக இருந்த கப்பல் ரங்கூன் போவது, அதில் ஏறினார். தரிசனமும் இல்லை, அட்டையும் இல்லை. துரத்தலுக்குத் தப்பி, இருந்த கப்பலில் ஏறியதுதான் இந்தத் தேசத்துக்கு வேதத்தைக் கொண்டுவந்தது.

இன்னொன்று. அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர் அவர் மனைவி ஆன். சிறைக்கு வெளியே அலைந்து திரிந்து கணவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர். 1826இல் செத்துப்போனார். கல்லறை எங்கள் பக்கம், சைக்காமியில் இருக்கிறது. தேவன் நடத்தினார் என்று நானும் விசுவாசிக்கிறேன். நடத்தினால் சேதம் வராது என்று மட்டும் யாரும் ஒரு பையனிடம் சொல்லக்கூடாது.

42ஆம் அதிகாரம் சரியான கேள்வி. 29இல் அந்நிய தேசத்தில் குடியிருங்கள் என்கிறார், 42இல் போகாதீர்கள் என்கிறார். ஒரே தீர்க்கதரிசி, இரண்டு கூட்டம், இரண்டு பதில். அதனால்தான் ஒரு வசனத்தைக் கிழித்தெடுத்து எல்லாருக்கும் ஒரே உத்தரவாக ஆக்க முடியாது என்கிறேன். 42இல் அவர்கள் செய்த குற்றம் கிளம்பியது மட்டுமா? போவது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, தேவனிடம் கேட்பது போல வந்தார்கள். இருப்பது என்று தீர்மானித்துவிட்டுக் கேட்டாலும் அதே கதைதான்.

பெகூக்காரன்
அப்படியானால் எதை நம்புவது? வேதத்தைத் திறந்தால் சந்தர்ப்பம் பார் என்கிறீர்கள். ஊழியர் சொன்னால் சோதி என்கிறீர்கள். கடைசியில் நம் புத்திதான் மிஞ்சும். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறதே. மரியாளின் கணவன் யோசேப்பு குழந்தை இயேசுவோடு எகிப்துக்கு ஓடியதும் சொப்பனத்தில் தூதன் சொன்ன பிறகுதான்.

மோல்மேன் வாசகி
பவுலுக்குச் சொப்பனம் வரவில்லையே. தமஸ்குவில் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற செய்தி காதுக்கு வந்தது. சீஷர்கள் ராத்திரியில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள் (அப்போஸ்தலர் 9). அதே பவுல் பிற்பாடு, கட்டுகள் காத்திருக்கிறது என்று தெரிந்தே எருசலேமுக்குப் போனார். ஒரு தடவை தப்பினார், ஒரு தடவை தப்பவில்லை. இரண்டிலும் தேவன் கூட இருந்தார்.

சுயபுத்தியில் சாயாதே என்றால் புத்தியைத் தூக்கிப் போடு என்று அர்த்தமில்லை. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்." இதுவும் நீதிமொழிகள்தான், 16:9. யோசிக்கிற வேலை நம்முடையது. ராத்திரி வெளிச்சம் இல்லாத சந்தில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறோம், இரண்டு எட்டு தூரம் தெரிகிறது, அதை வைத்துத்தான் காலை வைக்கிறோம். "கால்களுக்குத் தீபம்" என்று 119ஆம் சங்கீதம் சொல்வதும் அவ்வளவுதான்.

இருபத்தஞ்சு
நான் அந்தச் சட்டம் சொல்லும் வயதுக்காரன். மன்னிக்கணும், பெரியவர்கள் இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் உபவாசம் இருந்து ஜெபித்தேன். எனக்கு வசனமும் வரவில்லை, சொப்பனமும் வரவில்லை. போனால் அம்மாவை யார் பார்ப்பார்கள், இருந்தால் என்ன ஆவேன், இரண்டும் தெரியவில்லை. பதில் வராதவன் என்ன செய்வது?

இன்னொன்று கேட்கிறேன். யாங்கோன் அக்கா, அப்பா சொன்னது, பெரியப்பா சொன்னது, ஊழியர் சொன்னது எல்லாம் எழுதினீர்கள். தம்பி என்ன சொன்னான்?

பெகூக்காரன்
தம்பி, உனக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபிரகாம் போகும் இடம் இன்னதென்று தெரியாமல்தான் புறப்பட்டான் என்று எபிரெயர் 11 சொல்கிறது. தெரியாமல் இருப்பது அவிசுவாசம் ஆகாது. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே. உன் சபையில் பொய் சொல்லாத ஒரு மூப்பரைப் பிடி, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு பேசு. தனியாக முடிவு செய்யாதே. உன் பெயர் தெரியாது, ஆனாலும் இன்று முதல் என் ஜெபத்தில் நீ உண்டு.

மோல்மேன் வாசகி
இதில் பெகூ அண்ணனோடு எனக்கு வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாவம் இல்லாத இரண்டு வழிகள் முன்னால் இருந்து, ஜெபித்தும் தெளிவு வரவில்லை என்றால், தெரிந்தவரை யோசித்து ஒன்றில் போகலாம். தப்பான பக்கம் திரும்பிவிட்டாய் என்று கைவிடுகிற தேவனை நான் வேதத்தில் பார்த்ததில்லை.

யாங்கோன் மகள்
எல்லாருக்கும் நன்றி. இருபத்தஞ்சு, நீங்கள் கேட்டதை நேற்று ராத்திரி தம்பியிடமே கேட்டேன். "என்னை யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன்" என்றான். அவன் மனதில் இருப்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவன் சொல்ல வேண்டியது.

சனிக்கிழமை குடும்ப ஜெபத்துக்கு எங்கள் பாஸ்டர் ஐயாவையும் பெரியப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். 29, 42 இரண்டு அதிகாரத்தையும் முழுசாக வாசித்துவிட்டு, முதலில் தம்பி பேசட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். சம்மதித்தார். ஆனால் அட்டையை எடுக்க விடவில்லை. பெகூ அண்ணன், அப்பா உங்களோடு பேசினால் நன்றாக இருக்கும். ஃபோனில் சேர முடியுமா?

பெகூக்காரன்
சேர்கிறேன் தங்கச்சி. இருக்கச் சொல்லித்தான் பேசுவேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் பையன் பேசி முடிக்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன். சாயங்காலம் கரன்ட் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.