மறு: வைட் ரிசீவர் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவருக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். "அகலப் பெறுநர்" மட்டும் வேண்டாமே. பெறுநர் என்றாலே பள்ளியில் எழுதிய விடுப்புக் கடிதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தவிர, அகலம் ஆளுக்கு இல்லை, அவர் நிற்கும் இடத்துக்கு: நடுவில் முட்டி மோதும் கூட்டத்தை விட்டு விலகி, பக்கக் கோட்டை ஒட்டி நிற்பவர். "பந்து பிடிப்பவர்" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தடுப்பு வரிசையின் முனையில் நிற்கும் டைட் எண்டும், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கும்கூடப் பந்து பிடிக்கிறார்களே.

புகழ்பெற்ற வைட் ரிசீவர் ஜெர்ரி ரைஸை வைத்துப் பார்ப்போம். மிசிசிப்பிக்காரர், கொத்தனார் மகன், சகோதரர்கள் வீசிய செங்கல்லைப் பிடித்துப் பிடித்தே கை பழகியது என்பார்கள். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடிவிட்டு 1985-இல், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 16-ஆவது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்குத் தேர்வானார். முதல் ஆண்டில், செங்கல் பிடித்த அதே கை, பந்துகளை ஏகத்துக்கும் நழுவவிட்டது! அப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே: 20 பருவங்கள், 1,549 பிடிகள், பிடித்து முன்னேறிய தூரம் 22,895 கெஜம். 1989 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் மட்டும் 11 பிடிகள், 215 கெஜம், ஆட்ட நாயகன் விருது. 40 வயதில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்.

இத்தனைக்கும் அவர் பெரிய வேகக்காரர் இல்லை என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். அவர் பிழைப்பே ஓடும் தடத்தில்தான் இருந்தது. ஸ்லாண்ட் என்ற தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று எட்டு நேராக ஓடி, வெளிக்காலை ஊன்றி, சட்டென்று உள்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும், அவர் வெட்டும்போதே பந்து வீசும் குவார்ட்டர்பேக் அதை எறிந்திருப்பார், ஓர் எட்டு பிசகினாலும் அது எதிராளி கைக்குப் போய்விடும்.

ஆகவே என் பரிந்துரை "ஓரப்பிடியாளர்". இடமும் வேலையும் இரண்டுமே அதில் வந்துவிடுகின்றன. கபடி வாடை அடிக்கிறது என்றால் அடிக்கட்டும், நம் காதுக்குப் பழகிய வாடைதானே. அவர் ஓடும் தடமான ரூட்டுக்கு "ஓடுதடம்" போதும். ஸ்லாட்டில், அதாவது ஓரத்து ஆளுக்கும் நடுக் கூட்டத்துக்கும் இடையில், நிற்பவர் ஓரத்தில் இல்லையே என்று கேட்பீர்கள், அவரை "உள்பிடியாளர்" என்று வைத்துக்கொள்ளலாம். டைட் எண்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், அவர் பாதி நேரம் தடுப்பாளர், இதில் சேர்த்தால் குழம்பும்.