விலை குறைந்த ஆறு தந்தி பேஸ்: பிக்கப் மாற்றினால் பி தந்தி தெளியுமா?

தாமிரக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தேவாலய இசைக்குழுவில் நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பாடகர்களின் குரலுக்கேற்பப் பாட்டைச் சுருதி இறக்கும்போது டி, சி என்று கீழே போக வேண்டியிருக்கிறது. நான்கு தந்தியில் ஈ-க்குக் கீழே இடமில்லை. ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தால் பாட்டின் அடித்தளமே காணாமல் போகிறது. அதனால் ஒருவர் பயன்படுத்திய ஆறு தந்தி பேஸ் ஒன்றை வாங்கினேன். 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச்சுருள்), 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் (அந்தச் சமிக்ஞையை வலுப்படுத்தும் சுற்று).

மரம் நன்றாக இருக்கிறது, நெக் (தந்திகள் ஓடும் கழுத்து) முறுக்கிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் தடித்த, கீழ் பி தந்தி தொளதொளவென்று கிடக்கிறது. சத்தம் வருகிறது, எந்த ஸ்வரம் என்று காதுக்குப் பிடிபடவில்லை. ஈ, பி இரண்டிலும் முதல் ஐந்து ஃப்ரெட் (நெக்கின் குறுக்குக் கம்பி) வரை இரைச்சல். மேல் சி தந்தி மெலிந்து ஒலிக்கிறது. வாசிக்காமல் நிற்கும்போது ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வேறு.

பிக்கப்பை மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் இருப்பது ஆறாயிரம் ரூபாய். முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, பிக்கப்பில் கை வைக்காதீர்கள். மதுரையில் கல்யாண மெல்லிசைக் கச்சேரிகளில் பல காலமாக பேஸ் வாசிக்கிறேன். மற்றவர்களின் கருவிகளையும் சரிசெய்து தருகிறேன். விலை குறைந்த ஆறு தந்தி பேஸில் கேட்கும் குறைகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் யாரும் பொறுமையாக உட்கார்ந்து முடிக்காத வேலைகள். அவற்றை நாம் முடிக்கலாம்.

முதலில் பி தந்தியின் இயல்பைப் புரிந்துகொள்ளுங்கள். திறந்த பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். தேவாலயங்களில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அங்கே உங்கள் காதுக்கு எட்டுவது 62 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள இணைசுரங்கள்தான் (அடிப்படைச் சுருதியின் மடங்குகளாக எழும் ஒலிகள்). பழைய தந்தியில் செத்துப்போவதும் அந்த இணைசுரங்களே. பேஸ் குமிழைத் திருகி ஏற்றுவதால் குழப்பம் கூடுமே தவிர ஸ்வரம் தெளியாது. ஆகவே முதல் செலவு புதிய தந்திகள்.

இப்போது மாட்டியிருக்கும் பி எத்தனை தடிமன் என்று பாருங்கள். 0.125 அங்குலமாக இருந்தால் 0.130-க்கு மாறுங்கள். தந்தியின் எடை தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதே சுருதியில் இழுவிசை ஏறக்குறைய எட்டு சதவீதம் ஏறும். 34 அங்குலத்திலிருந்து 35 அங்குல ஸ்கேலுக்குப் போனால் கிடைப்பது ஆறு சதவீதம்தான். நீளமான நெக் உள்ள கருவிக்குக் கொடுக்கும் பெரும்பணத்தின் பலனை ஒரு தந்தியின் விலையிலேயே பெற்றுவிடலாம். டி'அடாரியோ நிறுவனத்தின் ஆறு தந்தி செட் ஒன்று 0.032 முதல் 0.130 வரை வருகிறது. அதன் சி தந்தி 0.030-ஐவிடச் சற்றுத் தடிமன் என்பதால் மெலிவும் ஓரளவு தீரும்.

மாட்டும் முறையில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தடித்த தந்தியை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பாக இடுக்கியால் செங்கோணமாக மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியிலிருந்து நழுவும், புதுத் தந்தியும் செத்த தந்தி போல ஒலிக்கும். சுருதி சேர்த்த பிறகு, பிரிட்ஜில் (உடலில் தந்திகள் கட்டப்படும் பகுதி) சாடிலை (ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சிறு தாங்கி) விட்டு வெளிவரும் இடத்தில் தந்தியைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக்கட்டையான நட்டை ஒட்டியும் அவ்வாறே. தடித்த தந்தி சாடிலின் மேல் வில்லாக வளைந்துதான் உட்காரும். அந்த வளைவு இருக்கும்வரை தந்தி எங்கே தொடங்குகிறது என்பதே உறுதியாக இராது. அழுத்தியதும் சுருதி இறங்கும், மறுபடி ஏற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை. இதை மட்டும் செய்து பி தந்தி எழுந்து நின்றதை எத்தனையோ கருவிகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நெக். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்து பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் இடங்களில் இரைச்சல் வருகிறது என்றால் அங்கே இடைவெளியே இல்லாமல் இருக்கலாம். டிரஸ் ராடை (நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்தும் உள்கம்பி) ஆலன் சாவியால் கால் சுற்று தளர்த்தி, சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அகலமான ஆறு தந்தி நெக்கில் சிலவற்றுக்கு இரண்டு ராடுகள் இருக்கும். அப்படியானால் இரண்டையும் சமமாகவே திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பி நெக்கை முறுக்கிவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு. பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் பி பக்கம் இரண்டரை மில்லிமீட்டர், சி பக்கம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துத் தொடங்குங்கள். பலமாக அடித்து வாசிப்பவராக இருந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

நட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 0.130 தந்தி பழைய பள்ளத்தில் முழுதாக இறங்காது, விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். அதே தடிமனுள்ள பழைய தந்தித் துண்டையே அரமாகப் பிடித்து, சுருதிக்குமிழ் பக்கம் சரிவாக, மெதுவாகத் தேய்த்து அகலப்படுத்துங்கள். ஆழம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி மிஞ்ச வேண்டும். அதற்கும் கீழே போய்விட்டால் நட்டையே மாற்ற வேண்டியதாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகே பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பி பக்கம் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து ஸ்வரத்தை அலைய வைக்கும். சி பக்கம் சற்று ஏற்றுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

அண்ணன் ரீங்காரத்தை விட்டுவிட்டார், அதற்கு நான் சொல்கிறேன். தந்தியைத் தொடும்போது ரீங்காரம் குறைகிறதா, கூடுகிறதா? குறைந்தால் பிரிட்ஜ் கிரவுண்ட் (பிரிட்ஜை ஜாக்கின் வெளிப்பகுதியோடு இணைக்கும் ஒயர்) வேலை செய்கிறது, வெளி மின்இரைச்சலைத் தடுக்கும் கவசம்தான் உள்ளே போதவில்லை. கூடினால் கிரவுண்ட் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிப்பகுதிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கவசத்துக்கு ஒட்டும் செம்புத் தகடு போதும். சென்னை ரிட்சி தெருவில் சுருளாகக் கிடைக்கும். பிக்கப் குழியிலும் கட்டுப்பாட்டுக் குழியிலும் ஒட்டி, மூடியின் உட்புறத்திலும் ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். பல தகடுகளில் பசை மின்சாரம் கடத்தாது, ஒட்டிவிட்டோம் என்று விட்டால் பாதிக் கவசம் சும்மா இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தந்தியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும்போது உதட்டிலோ விரலிலோ சுருக்கென்று அடித்தால் வாசிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் பேஸின் குறை அல்ல, கட்டடத்தின் எர்த்திலோ ஆம்ப், மைக் சாதனங்களின் எர்த்திலோ உள்ள குறை. மின்பணியாளரை அழைக்காமல் மறுபடி கருவியைத் தொடக் கூடாது. கோயில் திருவிழா, கல்யாண மேடை எங்கும் இது பொருந்தும்.

நாலாம்கட்டை எழுதியது:

பி-க்கு நுனி மெலிந்த டேப்பர் தந்தி வாங்கலாமே? சாடிலின் மேல் மெல்லிய பகுதி மட்டும் உட்காருவதால் வளைவுப் பிரச்சினையே வராது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன், கீழ் ஸ்வரங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

கீழ்ஸ்தாயி எழுதியது:

நல்ல தந்திதான், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய நுனி சாடிலில் தாழ்ந்து உட்காரும், அதனால் சாடிலைக் கணிசமாக உயர்த்த வேண்டும். விலை குறைந்த பிரிட்ஜுகளில் சாடில் திருகு குட்டையாக இருக்கும், உயரம் போதாமல் போகலாம். முதல் முறைக்குச் சாதாரணத் தந்தியே போதும் என்பது என் கருத்து.

ஆறாவது தந்தி எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் கேட்டுக்கொண்டதற்காக, கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் 1975-இல் ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்துகொடுத்தார். கிட்டார் குடும்பத்தில் பிறந்த கருவிக்கு ஏன் நான்கு தந்தி என்பதுதான் ஜாக்சனின் வாதம். பின்னாளில் அவர் 36 அங்குல ஸ்கேலுக்குப் போனார். கீழ் பி-யைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று தவித்தவர்களின் வரிசையில்தான் நீங்களும் நிற்கிறீர்கள் தம்பி.

தாமிரக்கரை எழுதியது:

அண்ணன்மார் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 0.130 தந்தி வாங்கி, நட்டைத் தேய்த்து, சாடிலில் அழுத்திவிட்டேன். நெக்கில் இடைவெளி அறவே இல்லை. கால் சுற்று தளர்த்தியதும் ஈ தந்தி இரைச்சல் போய்விட்டது. சி-யில் பாட்டு எடுத்தபோது கீழ் சி தெளிவாகவே கேட்டது என்று கீபோர்டு வாசிக்கும் அக்கா சொன்னார். தந்தியைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறது, ஆகவே செம்புத் தகடுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். பி தந்தியில் 12-ஆம் ஃப்ரெட் ஸ்வரம் அதே இடத்து ஹார்மானிக்கைவிடச் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது, என்ன செய்வது? பிரீஆம்புக்கு இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்கலாம் என்கிறார்களே, செய்யலாமா?

கீழ்ஸ்தாயி எழுதியது:

கூடுதலாகக் காட்டினால் சாடிலைப் பின்னுக்கு, நெக்கை விட்டு விலகும்படி, நகர்த்துங்கள். நகர்த்துமுன் தந்தியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பின்னால் போக இடம் தீர்ந்துவிட்டால் சாடிலின் ஸ்பிரிங்கைக் கழற்றிச் சிறிது வெட்டலாம், சில மில்லிமீட்டர் கிடைக்கும். நகர்த்தியதும் சாடில் அருகே மறுபடி அழுத்த மறக்காதீர்கள்.

ஈயப்பற்று எழுதியது:

18 வோல்ட் தாங்கும் என்று அந்த பிரீஆம்பைச் செய்தவர்களே எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 16 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். வாசித்து முடித்ததும் கேபிளை ஜாக்கிலிருந்து உருவிவிடுங்கள். இப்படிப் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.