நவஹோ மணற்கல்லின் மணல் எங்கிருந்து வந்தது? சிர்கான் துகள்களோடு என் அனுபவம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைச்சுவர்களில் பெரும்பகுதி நவஹோ மணற்கல்லால் ஆனது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், வட அமெரிக்காவின் மேற்கே பரந்து கிடந்த ஒரு பாலைவனத்தின் மணல்மேடுகளே இறுகி இந்தப் பாறையாக மாறின. சயானில் அதன் தடிமன் 600 மீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு மணலையும் கொடுத்த மலை எது என்ற கேள்வியோடுதான் நான் ஆய்வு மாணவனாக அந்த நிலத்துக்குள் நுழைந்தேன். படிவுப் பாறை ஒன்றின் மூலத்தைத் தேடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை எனக்குக் கற்பித்தது இந்த ஒரே பாறைதான்.

களத்தில் முதலில் கிடைக்கும் தடயம் காற்றின் திசை. மணல்மேட்டில் காற்று ஏறிவரும் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் செங்குத்தாக இருக்கும். செங்குத்தான அந்தப் பக்கத்தில் உருண்டு விழும் மணல் சாய்ந்த அடுக்குகளாகப் படிந்து, பாறையான பிறகும் அதே சாய்வோடு நிற்கிறது. செக்கர்போர்டு மேசா என்னும் குன்றின் அருகே நின்று பார்த்தால், திசைகாட்டியும் சாய்வுமானியும் இல்லாமலே இதைக் கண்ணால் உணரலாம். இத்தகைய அடுக்குகளைப் பல இடங்களில் அளந்தவர்கள், காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசியது என்று கண்டார்கள். அப்படியானால் மூலத்தையும் வடக்கில்தானே தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மணல்மேட்டின் அடுக்கு, மணலின் கடைசிக் கட்டப் பயணத்தை மட்டுமே பதிவு செய்கிறது. அதற்கு முன்பு அந்த மணல் எங்கே இருந்தது என்பது அதில் இல்லை.

அடுத்து நுண்ணோக்கி. ஒரு மணற்கல்லின் மெல்லிய சீவலில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்னும் இரு கனிமங்கள், பாறைத்துணுக்குகள் ஆகிய மூன்றையும் நூற்றுக்கணக்கில் எண்ணி, அவற்றின் விகிதத்திலிருந்து அந்த மணல் கண்டத்தின் உள்நிலத்திலிருந்து வந்ததா, எரிமலைத் தொடரிலிருந்து வந்ததா, மடிப்பு மலைகளிலிருந்து வந்ததா என்று ஊகிக்கும் முறையை வில்லியம் டிக்கின்சன் 1979-இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வகுத்தளித்தார். நவஹோ மணற்கல்லை அப்படி எண்ணினால், மிகப் பெரும்பாலும் குவார்ட்ஸே வரும். பலமுறை அரைபட்டு, மெலிந்தவை எல்லாம் கரைந்துபோன மணல் என்பதற்கு மேல் அந்த எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. குவார்ட்ஸ் துகள் ஒன்று எந்த மலையில் எப்போது பிறந்தது என்பதை அதன் தோற்றத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

அதற்குத்தான் சிர்கான் என்னும், எளிதில் அழியாத கனமான கனிமம் தேவைப்படுகிறது. பாறையைப் பொடித்து, நீரில் அலசி, காந்தத்தால் பிரித்து, கனமான திரவத்தில் இட்டால், 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் மிதக்கும், 4.6-க்கும் மேல் அடர்த்தியுள்ள சிர்கான் அடியில் தங்கும். ஒரு பை நிறையப் பாறையிலிருந்து கடைசியில் கிடைப்பது விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கான தூள்தான். அந்தத் துகள்களைப் பிசினில் பதித்து, பாதியளவு தேய்த்து, எலெக்ட்ரான் கற்றையின் கீழ் ஒளிரச் செய்து பார்த்தபோது, வெளியே உருண்டு தேய்ந்திருந்த ஒவ்வொரு துகளின் உள்ளேயும் படிகம் அடுக்கடுக்காக வளர்ந்த வரிகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலத் தெரிந்தன. வெளித்தேய்வு நீண்ட பயணத்தையும், உள்வரிகள் ஏதோ ஒரு தீப்பாறைக் குழம்பில் நிகழ்ந்த பிறப்பையும் ஒரே துகளில் காட்டின. அந்த முதல் காட்சியை இன்றும் நான் மிகுந்த மதிப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

சிர்கான் வளரும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டுகளும் ஆகும். இரண்டும் தனித்தனியே ஓடும் கடிகாரங்கள் என்பதால், இரண்டு வயதுகளும் ஒத்துவராத துகளில் ஈயம் கசிந்திருக்கலாம் என்று உடனே எச்சரிக்கை அடையலாம். லேசர் கற்றையால் தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய குழி ஒன்றைத் தோண்டி, வெளிவரும் ஆவியை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானியில் அளக்கிறோம். எத்தனை துகள்களை அளந்தால் போதும் என்பதிலும் கவனம் தேவை. மணலில் 5 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கூட்டமும் விடுபடவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், மிகச் சாதகமற்ற நிலையில் 117 துகள்கள் வேண்டும் என்று பீட்டர் வெர்மீஷ் 2004-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

நவஹோவிலும் அதனோடு தொடர்புடைய பிற பாலைவன மணற்கற்களிலும் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் செய்த அளவீடு 2003-இல் வெளிவந்தது. ஜுராசிக் மணல்மேடுகளின் சிர்கான்களில் ஏறத்தாழப் பாதி, கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்தவை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சுமார் 100 முதல் 120 கோடி ஆண்டுகள் வயதுள்ள கிரென்வில் காலத் துகள்களும், பாலியோசோயிக் காலத்தில் (சுமார் 54 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) பிறந்த இளைய துகள்களும் அங்கே சேர்ந்து காணப்படுவது அந்த மலைத்தொடருக்கே பொருந்துகிறது. கண்டத்தைக் கிழக்கு மேற்காகக் கடந்த பேராறுகள் மணலைப் பாலைவனத்தின் வடக்கே கொண்டுவந்து கொட்ட, அங்கிருந்து காற்று அதைத் தெற்கே வாரி இறைத்தது என்பது அவர்களுடைய விளக்கம். காற்றின் திசையும் துகளின் வயதும் முரண்படாமல், ஒரே பயணத்தின் இரண்டு கட்டங்களாக அதில் பொருந்தி நிற்கின்றன.

கிரென்வில் காலப் பாறைகள் கனடாவிலும் டெக்சாஸிலும்கூட உண்டே என்ற ஐயம் நியாயமானது. அதே 2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நவஹோ சிர்கான்களில் ஈயத்தோடு ஹீலியத்தையும் அளந்தது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது உண்டாகும் ஹீலியம், ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே துகள் குளிர்ந்த பிறகுதான் அதனுள் தங்கும். ஆகவே ஈயம், துகள் பிறந்த காலத்தையும், ஹீலியம் அந்தப் பாறை மேலெழுந்து குளிர்ந்த காலத்தையும் சொல்கின்றன. 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த அந்தத் துகள்கள் 50 கோடி முதல் 22.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் குளிர்ந்திருந்தன. அது அப்பலாச்சிய மலைகள் எழும்பித் தேய்ந்த காலம். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைவிட அழகான வாதத்தைக் கண்டதில்லை.

— மறுமொழி —

ஐயா, உங்கள் பகிர்வு எனக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரையை நினைவூட்டியது. முதுகலை படித்த காலத்தில் அந்த மணலைப் புரோமோஃபார்மில் பிரித்தோம். 2.89 அடர்த்தியுள்ள அந்தத் திரவத்தின் ஆவி நச்சுத்தன்மை கொண்டது என்பதால், இப்போது பல ஆய்வகங்கள் டங்ஸ்டேட் கரைசல்களுக்கு மாறிவிட்டது மகிழ்ச்சியளிக்கிறது. அங்கே கறுப்பாக இல்மனைட்டும், சிவப்பாகக் கார்னெட்டும் பட்டைபட்டையாகத் தெரியும். அவற்றோடு சில்லிமனைட்டும் மோனசைட்டும் சிர்கானும் இருக்கும். கார்னெட்டும் சில்லிமனைட்டும் சேர்ந்திருப்பதைக் கண்டவுடனே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள கோண்டலைட் போன்ற உயர்வெப்ப உருமாறிய பாறைகளே மூலம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இதே மணல் ஆழப் புதைந்து மணற்கல்லாகிவிட்டால் இந்த எளிமை நீடிக்காது. வட கடலின் எண்ணெய்க் கிணறுகளில் ஆழம் கூடக் கூட முதலில் ஆம்ஃபிபோலும், பிறகு எபிடோட்டும், இன்னும் ஆழத்தில் கார்னெட்டும் கரைந்து மறைவது கண்டறியப்பட்டுள்ளது. சிர்கான், டூர்மலின், ரூட்டைல் ஆகியவையே கடைசிவரை தாங்குகின்றன. ஆகவே பழைய மணற்கல்லில் கார்னெட் இல்லை என்பதை வைத்து, மூலமலையிலும் அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிர்கானிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தக்காணப் பசால்ட் போன்ற எரிமலைப் பாறையில் சிர்கான் மிகவும் அரிது. அத்தகைய நிலத்திலிருந்து எவ்வளவு மணல் வந்தாலும் உங்கள் கணக்கில் அது தெரியாமலே போய்விடாதா?

— மறுமொழி —

தெரியாமல் போகத்தான் செய்யும். நவஹோவைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடமும் இதுவே. சிர்கான்களில் பாதி அப்பலாச்சியாவிலிருந்து வந்தவை என்றால், மணலில் பாதி அங்கிருந்து வந்தது என்று பொருளாகாது. கிரென்வில் காலக் கிரானைட்டுகள் மற்றவற்றைவிட மிகுதியாகச் சிர்கான் கொண்டவை. அதனால் கணக்கில் அவற்றின் பங்கு உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றக்கூடும். மேலும் சிர்கான் எளிதில் அழியாது என்பதால், அப்பலாச்சியாவிலிருந்து வந்த துகள் இடையில் ஒரு பழைய மணற்கல்லில் பல கோடி ஆண்டுகள் தங்கியிருந்து, அது தேய்ந்தபோது மீண்டும் ஆற்றில் இறங்கியிருக்கவும் கூடும். ஈயமும் ஹீலியமும் பிறப்பையும் குளிர்ச்சியையும் காட்டினாலும், ஆழமாகப் புதையாத இத்தகைய இடைத்தங்கலைக் காட்டுவதில்லை.

இதற்கு ஒரு வழி, பல சுழற்சிகளைத் தாங்காத பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரின் ஈய ஐசோடோப்புகளையும் சேர்த்து அளப்பது. ஃபெல்ட்ஸ்பார் காட்டும் மூலமும் சிர்கான் காட்டும் மூலமும் ஒத்துவந்தால், மணல் மலையிலிருந்து அதிக இடைத்தங்கல் இல்லாமல் வந்தது என்று துணிந்து சொல்லலாம். நவஹோவில் ஃபெல்ட்ஸ்பார் குறைவு என்பதால் அங்கே இந்த வேலை கடினம். இருந்தாலும் கிடைக்கும் சில துகள்களை வீணாக்காமல் எடுத்து வைக்கும்படி என்னோடு களத்துக்கு வரும் மாணவர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.